முகாம் போன பிறகு பிள்ளையை யார் பார்ப்பது?

(மும்பை தாராவியில் மாநகராட்சிப் பள்ளிப் பெற்றோர் கூட்டத்தில், பணி ஓய்வு பெற்ற செவிலியர் ஒருவர் ஆற்றிய உரை)

பெரியவர்களே, தாய்மார்களே, நம் பிள்ளைகளுக்குப் பாடம் சொல்லும் ஆசிரியர்களே, வணக்கம்.

முப்பத்தோரு வருடம் முனிசிபல் ஆஸ்பத்திரியில் வேலை பார்த்தவள் நான். கடைசிக் காலத்தில் காது மூக்கு தொண்டை வெளிநோயாளிகள் பிரிவில் (ஓ.பி.டி.) இருந்தேன். ஒருநாள் நம் தாராவி லேபர் கேம்ப் பகுதியிலிருந்து ஒரு அம்மா, ஐந்தாம் வகுப்பு படிக்கும் மகனைக் கூட்டி வந்தார். இடது காதில் பஞ்சு அடைத்திருந்தது. பஞ்சை எடுத்தால் சீழ். செவிப்பறையில் ஓட்டை விழுந்திருந்தது. "எப்போதிலிருந்து?" என்று டாக்டர் கேட்டார். அந்த அம்மா ரேஷன் கார்டு வைத்திருந்த பிளாஸ்டிக் உறையைத் திறந்து, நாலாக மடித்த ஒரு சீட்டை எடுத்து நீட்டினார். பள்ளிக்கூட மருத்துவ முகாமில் கொடுத்தது. காதில் கசிவு, உடனே ஆஸ்பத்திரிக்குக் காட்டவும் என்று ஆங்கிலத்தில் எழுதியிருந்தது. தேதியைப் பார்த்தேன். இரண்டு வருடத்துக்கு முந்தைய தேதி.

"ஊசி போட்டதுக்குக் கொடுத்த சீட்டுன்னு நெனச்சேன் சிஸ்டர். அதான் பத்திரமா வச்சிருந்தேன்" என்றார்.

அந்த இரண்டு வருடமும் பையன் கடைசி பெஞ்சில் உட்கார்ந்து, மந்தம் என்று பெயர் வாங்கியிருக்கிறான். அவனுக்குப் பாதிப் பாடம் காதிலேயே விழவில்லை.

இதில் யாரைக் குறை சொல்வது? முகாமுக்கு வந்த டாக்டர் நோயைச் சரியாகத்தான் கண்டுபிடித்தார். டீச்சர் சீட்டைக் கொடுத்து அனுப்பினார். அம்மா பத்திரமாக வைத்தார். அடுத்த வாரம் அந்தப் பையனைக் கூப்பிட்டு, "ஆஸ்பத்திரிக்குப் போனாயா?" என்று கேட்கத்தான் ஆள் இல்லை. அப்படிக் கேட்பதையே வேலையாகக் கொண்ட ஒரு நர்ஸ், ஒவ்வொரு பள்ளியிலும் தினமும் இருக்க வேண்டும். நான் இன்றைக்குக் கேட்க வந்திருப்பது அந்த ஒரே வேலைக்குத்தான்.

1902-இல் நியூயார்க்கிலும் இதே கதைதான். பள்ளிக்கு வரும் டாக்டர்கள் கண்நோய், படர்தாமரை, பேன் என்று பிள்ளைகளைப் பிரித்து, கையில் ஒரு அட்டையைக் கொடுத்து வீட்டுக்கு அனுப்பினார்கள். வைத்தியம் நடக்கவில்லை, பிள்ளைகள் தெருவில் திரிந்தார்கள். லில்லியன் வால்ட் என்ற நர்ஸ், லினா ராஜர்ஸ் என்ற நர்ஸை நான்கு பள்ளிகளுக்கு ஒரு மாதம் அனுப்பிவைத்தார். அதற்கு ஒரு நிபந்தனையும் போட்டார். சோதனை பலித்தால் சம்பளம் அரசாங்கப் பணத்திலிருந்து வர அதிகாரிகள் பாடுபட வேண்டும். லினா பள்ளியிலேயே புண்ணுக்கு மருந்து போட்டார், சாயங்காலம் வீடுவீடாகப் போய்த் தாய்மார்களிடம் பேசினார். மாதம் முடிந்ததும் நகர நிர்வாகமே மேலும் நர்ஸ்களை வேலைக்கு எடுத்தது. வால்ட் அம்மையார் பணப் பேச்சை முதலிலேயே பேசிவிட்டதை நினைத்தால் எனக்கு இன்றும் கையெடுத்துக் கும்பிடத் தோன்றுகிறது.

நம் நாட்டில் 1909-லேயே பரோடாவில் பள்ளிப் பிள்ளைகளுக்கு மருத்துவப் பரிசோதனை நடந்திருக்கிறது. 2013-இல் இங்கே பக்கத்துப் பால்கரில்தான் ராஷ்ட்ரீய பால் ஸ்வாஸ்த்ய கார்யக்ரம் என்ற தேசியக் குழந்தைகள் நலத் திட்டத்தைத் தொடங்கினார்கள். இரண்டு டாக்டர், ஒரு நர்ஸ், ஒரு பார்மசிஸ்ட் கொண்ட குழு வருடத்துக்கு ஒருமுறை பள்ளிக்கு வரும். நல்ல திட்டம். ஆனால் மிச்ச நாளெல்லாம்? 2020-இல் ஒவ்வொரு பள்ளியிலும் இரண்டு ஆசிரியர்களைச் சுகாதாரத் தூதர்கள் ஆக்கினார்கள். ஏற்கெனவே தேர்தல் வேலை, கணக்கெடுப்பு வேலை பார்ப்பவர்கள் அவர்கள். மூச்சுத் திணறும் பிள்ளைக்கு எப்போது மருந்து இழுக்கும் பம்ப் கொடுப்பது, எப்போது ஆம்புலன்ஸ் கூப்பிடுவது என்று முடிவெடுக்கும் பாரத்தையும் அவர்கள் தலையில் வைப்பது நியாயமா?

2018 ஆகஸ்ட் மாதம் நம் மும்பை கோவண்டியில் நடந்தது உங்களுக்கு நினைவிருக்கும். முனிசிபல் பள்ளியில் இரும்புச்சத்து மாத்திரை சாப்பிட்ட ஒரு சிறுமி இறந்துபோனாள் என்று செய்தி பரவி, நூற்றுக்கணக்கான பிள்ளைகளை ஆஸ்பத்திரிக்குத் தூக்கிக்கொண்டு ஓடினார்கள். பிறகு அந்தச் சிறுமிக்குக் காசநோய் இருந்தது தெரியவந்தது. இருமும் பிள்ளை, இளைத்துப் போகும் பிள்ளை, தினமும் பார்க்கிற ஒரு நர்ஸின் கண்ணுக்குத் தப்பாது என்று நான் நம்புகிறேன்.

இனிப் பணத்துக்கு வருகிறேன். கேட்டால் கல்வித் துறை சுகாதாரத் துறையைக் கைகாட்டும், சுகாதாரத் துறை கல்வித் துறையைக் கைகாட்டும். மும்பையில் அந்தப் பேச்சு செல்லாது. இந்தப் பள்ளிக்கூடமும் சயான் ஆஸ்பத்திரியும் ஒரே மாநகராட்சியுடையவை. சயான், கே.இ.எம்., நாயர் மூன்றிலும் நர்சிங் பள்ளி நடத்துவதும் அதே மாநகராட்சிதான். 2025-26-க்கு அதன் பட்ஜெட் 74,427 கோடி ரூபாய், கல்விக்கு 3,955 கோடி. ஒரு நர்ஸுக்கு எல்லாம் சேர்த்து மாதம் 75,000 ரூபாய் செலவு என்று வைத்துக்கொள்ளுங்கள். ஆயிரம் பிள்ளைகள் படிக்கும் பள்ளியில் ஒரு பிள்ளைக்கு மாதம் 75 ரூபாய். 500 நர்ஸ் போட்டாலும் வருடத்துக்கு 45 கோடி. கல்விப் பணத்தில் நூற்றுக்கு ஒரு ரூபாய் சொச்சம்.

இரண்டு விஷயத்தில் நாம் விட்டுக்கொடுக்கக் கூடாது. ஆஸ்பத்திரி வார்டிலிருந்து நர்ஸைப் பிடுங்கி இங்கே போட வேண்டாம். ஒரு இரவில் நாற்பது கட்டிலைத் தனியாகப் பார்த்தவள் நான், அந்த வேதனை எனக்குத் தெரியும். புதிய பணியிடம் வேண்டும். அடுத்தது, ஒப்பந்தம் வேண்டாம். கேந்திரிய வித்யாலயாக்களில் நர்ஸை ஒப்பந்தத்தில்தான் எடுக்கிறார்கள். நர்ஸ் மாறினால் எந்தப் பிள்ளைக்கு வலிப்பு வரும், எந்தப் பெண்பிள்ளை ரத்தசோகையில் மயங்கி விழுவாள் என்பதெல்லாம் அவரோடு போய்விடும். நிரந்தரமான ஆள் வேண்டும்.

வெள்ளிக்கிழமை காலை மாநகராட்சியின் ஜி நார்த் வார்டு ஆபீசுக்கு மனு கொடுக்கப் போகிறோம். வரும்போது வீட்டில் தேடிப் பாருங்கள். காலண்டருக்குப் பின்னால், ரேஷன் கார்டுக்குள், சாமி படத்துக்கு அடியில் இப்படி ஒரு சீட்டு இருந்தால் மடிப்போடு அப்படியே எடுத்து வாருங்கள். அவற்றை மனுவோடு சேர்த்து மேஜையில் வைப்போம். என்ன எழுதியிருக்கிறது என்று புரியாதவர்கள் இப்போதே என்னிடம் காட்டுங்கள், படித்துச் சொல்கிறேன். இன்னும் ஆஸ்பத்திரிக்குப் போகாத பிள்ளைகளைத் திங்கட்கிழமை கூட்டி வாருங்கள். கேஸ் பேப்பர் எடுக்கும் வரிசையில் எட்டு மணிக்கே நான் நிற்பேன்.