‘ஒத்து ஊதுகிறவன்’ என்பது வசவா, பாராட்டா? பழகுநர்களுக்கான தலைமைப் பாடம்

வணக்கம். மேலே இருப்பவர் சொல்வதற்கெல்லாம் தலையாட்டுகிறவரை ‘ஒத்து ஊதுகிறவன்’ என்றும் ‘ஜால்ரா போடுகிறவன்’ என்றும் ஏளனம் செய்கிறோம். ஒத்து என்பது நாகசுரத்துக்குப் பின்னாலிருந்து சுருதி கொடுக்கும் குழல். அந்த ஒத்தை உண்மையிலேயே ஊதியவர்கள் என்ன வேலை செய்தார்கள் என்பதை அறிந்தால், அந்தச் சொல்லை வசவாகப் பயன்படுத்த உங்களுக்கு மனம் வராது. ஐ.டி.ஐ. முடித்துவிட்டுக் கப்பலூர்ச் சிட்கோ தொழிற்பேட்டையில் ஒரு லேத் (கடைசல் இயந்திரம்) முன்னால் நின்றுகொண்டு, ‘எனக்குக் கீழே ஒருவருமே இல்லையே, நான் யாருக்குத் தலைமை தாங்குவது?’ என்று நினைக்கிற பழகுநருக்கு, அதாவது அப்ரண்டிஸுக்கு, அந்த ஒத்துக்காரரைவிடப் பொருத்தமான ஆசிரியர் கிடைக்க மாட்டார்.

சட்டத்தை ஒரே மூச்சில் சொல்லி முடித்துவிடுகிறேன். பழகுநர் சட்டம் 1961ஆம் ஆண்டினது. 2019இல் திருத்தப்பட்ட விதிகளின்படி 30 பேரோ அதற்கு மேலோ பணிபுரியும் நிறுவனம் பழகுநர்களை எடுத்தே ஆக வேண்டும் என்பதோடு, கல்வித் தகுதியைப் பொறுத்து மாதம் 5,000 முதல் 9,000 ரூபாய் வரை குறைந்தபட்ச உதவித்தொகையும் வகுக்கப்பட்டது. சட்டத்தின் கண்ணில் பழகுநர் பயிற்சி பெறுபவரே தவிர, தொழிலாளி அல்லர். ஆகவே அதிகாரம் என்று எதுவும் கையில் இல்லை.

இப்போது ஒத்துக்கு வருவோம். (காட்சி: கோயில் வீதியில் சுவாமி புறப்பாடு, முன்னால் மேளம்.) பழைய நாகசுரக் குழுவில் எல்லோர் கண்ணும் நாயனக்காரர் மேலும் தவில்காரர் மேலும்தான் இருக்கும். பின்னால் ஒருவர் ஜால்ராவில் தாளம் போட்டுக்கொண்டிருப்பார், இன்னொருவர் ஒத்து ஊதிக்கொண்டிருப்பார். அந்த இரண்டு இடங்களிலும் பெரும்பாலும் நின்றவர்கள் வித்வானின் பிள்ளைகளோ சீடர்களோ, அதாவது அந்தக் காலத்துப் பழகுநர்கள். நம்முடைய இரண்டு வசவுகளும் அவர்கள் கையிலிருந்த கருவிகளிலிருந்தே வந்தவை என்பதைக் கவனித்தீர்களா? எனக்கு இது புரிந்த அன்று இரவு தூக்கமே வரவில்லை.

ஒத்து பார்வைக்கு நாகசுரம் போலவே இருக்கும். ஆனால் விரல் வைத்து வாசிக்கும் துளைகள் அதில் இல்லை. அடிப்பக்கத்தில் உள்ள துளைகளை மெழுகால் அடைத்தும் திறந்தும் சுருதி சேர்ப்பார்கள். அதில் வருவது ஒரே ஒரு சுரம். நாயனக்காரர் ஆலாபனையின் நடுவே நிறுத்தி மூச்சு வாங்கிக்கொள்ளலாம். ஒத்துக்காரருக்கு அந்தச் சலுகை கிடையாது. கன்னத்தில் தேக்கிய காற்றை வெளியே தள்ளிக்கொண்டே மூக்கு வழியாகப் புது மூச்சை இழுத்து, ஒலி அறாமல் அவர் ஊத வேண்டும். வித்வான் எங்கே சுற்றினாலும் திரும்பி வந்து நிற்பதற்கு அந்த ஒற்றைச் சுரம்தான் நிலம். இன்னும் முக்கியமாக, நாயனம் சுருதி விலகினால் ஒத்து அதன் பின்னாலேயே விலகிப் போகாது. அப்படிப் போனால் அது ஒத்தே அல்ல. தலையாட்டுவதற்கு நேர் எதிரான ஒரு வேலைக்குத் தலையாட்டுகிறவன் என்று பெயர் வைத்திருக்கிறோம்.

இன்று பல குழுக்களில் அந்த இடத்தைச் சுருதிப் பெட்டி பிடித்துக்கொண்டது. பெட்டி சுருதி விலகாது என்பது உண்மைதான், ஆனால் அது பத்து ஆண்டு கழித்து நாயனம் வாசிக்கப் போவதும் இல்லை. இந்த வரிக்காகவாவது வீடியோவை உங்கள் ஃபோர்மேனுக்கு அனுப்பிவையுங்கள்.

பட்டறையில் சுருதி என்பது அளவு. நான் பழகுநராக இருந்த ஓர் இடத்தில், பெயர் வேண்டாம், 25 மி.மீ. ஷாஃப்ட் ஓடிக்கொண்டிருந்தது, வரைபடத்தின்படி 24.98க்கும் 25.00க்கும் நடுவில் இருக்க வேண்டும். டர்னர் அண்ணன் வெட்டிய சூட்டிலேயே மைக்ரோமீட்டர் வைத்துப் பார்த்து, 24.99 என்று சொல்லிச் சொல்லித் தட்டில் அடுக்கினார். எஃகு ஒவ்வொரு டிகிரி சூட்டுக்கும் மீட்டருக்கு ஏறக்குறைய 12 மைக்ரான் (மில்லிமீட்டரில் ஆயிரத்தில் ஒரு பங்குதான் ஒரு மைக்ரான்) விரியும். 40 டிகிரி கூடுதலாகச் சூடேறிய அந்த ஷாஃப்ட் 0.012 மி.மீ. பருத்திருந்தது. ஆறியதும் அது 24.978, அதாவது கழிவு. நான் முதல் பீஸை ஆறவிட்டு அளந்தும் பார்த்துவிட்டேன். ஆனாலும் அண்ணனுக்குத் தெரியாததா என்று வாயை மூடிக்கொண்டு நின்றேன். மாலையில் 40 ஷாஃப்ட் பழைய இரும்புக்குப் போயின. அண்ணன் திட்டவில்லை. “ஒனக்கு முன்னாடியே தெரியுமாடா?” என்று மட்டும் கேட்டார். ஓர் அறை கொடுத்திருந்தால் தேவலை.

அடுத்த மாதம் அதே நிலை வந்தபோது, நாலு பேர் முன்னால் ‘தப்பு’ என்று கத்தாமல், ஆறிய பீஸையும் மைக்ரோமீட்டரையும் அவர் கையில் கொடுத்து, “அண்ணே, நீங்க ஒருதடவ பாருங்க” என்றேன். அவர் பார்த்தார், ஒன்றும் பேசாமல் டயலைத் திருப்பினார், வேலையைத் தொடர்ந்தார். சில வாரங்களில் “மொதப் பீஸ அவன்ட்ட குடுங்க” என்று அவரே மற்றவர்களிடம் சொல்ல ஆரம்பித்தார். ‘உரக்கப் பேசு, நெஞ்சை நிமிர்த்து’ என்று கற்பிக்கும் ஆளுமை வகுப்புகளின் மீது எனக்கு நம்பிக்கை இல்லாததற்குக் காரணம் இதுதான். தவிர, லேத் ஓடும்போது எவ்வளவு உரக்கப் பேசினாலும் யாருக்கும் கேட்காது.

 

இரண்டாம் ஆண்டில் ஒரு புதிய பெண் வந்து சேர்ந்தார். நான் வந்து சேர்ந்த நாளில் எனக்கு ‘பாத்துச் செய்’ என்று மட்டும் சொல்லியிருந்தார்கள், அதை வைத்துக்கொண்டு ஒரு மனிதர் என்னதான் செய்ய முடியும்? ஆகவே அந்தப் பெண்ணிடம் ஒரே ஒரு விதியை மட்டும் சொன்னேன்: சக் கீ, அதாவது பீஸைப் பிடித்துக்கொள்ளும் சக்கை இறுக்குகிற சாவி, சக்கில் இருக்கும்வரை அதிலிருந்து கையை எடுக்கக் கூடாது, ஏனென்றால் சாவியை மறந்துவிட்டு மெஷினை ஓட்டினால் அது தெறித்து வருகிற வேகத்தில் எதிரில் இருப்பவர் தப்ப முடியாது. இறுக்கு, எடு, பலகையில் வை, பிறகு ஸ்விட்ச். ஒரு வாரம் முழுக்க அவரை வாய்விட்டுச் சொல்லச் சொல்லியே செய்ய வைத்தேன், மற்றவர்கள் சிரித்தார்கள்.

பிறகு ஒரு நாள், சாப்பாட்டு மணி அடிக்கும் அவசரத்தில், நான் ஸ்விட்ச் பக்கம் கையை நீட்டியபோது பின்னாலிருந்து குரல் வந்தது.

“அண்ணே, கீ.”