எம்ஜிபி வாங்கினால் முதலில் சில்லைப் பாருங்கள்

(காட்சி: கராஜ் கதவு மேலே போகிறது. உள்ளே நான்கு ஸ்டாண்டுகளின் மேல், சக்கரம் கழற்றிய பச்சை நிற எம்ஜிபி ரோட்ஸ்டர்.)

வணக்கம். இதுதான் என் கார். 1972-இல் இங்கிலாந்தின் அபிங்டன் ஊரில் செய்த எம்ஜிபி ரோட்ஸ்டர். மேல்கூரை கிடையாது, இரண்டே சீட்டு. நான் வாங்கியபோது எஞ்சின் முதல் திருப்பிலேயே கிளம்பியது. பெயிண்ட் பளபளத்தது. வந்து பார்த்த நண்பர்கள் எல்லோரும் நல்ல வண்டி என்றார்கள். மறுநாள் காலை வலது பக்கம், கதவுக்குக் கீழே நீளமாக ஓடும் சில்லின் நடுவில் ஜாக்கி வைத்துத் தூக்கி, கதவைத் திறந்தேன். திறந்தது. மூட வரவில்லை. கதவின் பின்முனை தூணில் போய் இடித்து நின்றது.

அந்தக் கதவு ஏன் மூடவில்லை? இந்த வீடியோவின் பெரும்பகுதி அதைப் பற்றித்தான். எஞ்சின், கார்புரேட்டர், வயரிங் எல்லாம் கடைசியில் கொஞ்சம் கொஞ்சமாகச் சொல்கிறேன். பழைய எம்ஜிபியை வீட்டில் வைத்துப் புதுப்பிக்க நினைப்பவருக்கு அந்தக் கதவு சொல்லும் செய்திதான் முக்கியம்.

கொஞ்சம் பின்னணி. எம்ஜி என்றால் மாரிஸ் கராஜஸ். ஆக்ஸ்போர்டில் வில்லியம் மாரிஸ் நடத்திய கடை அது. அதை நிர்வகித்த செசில் கிம்பர், 1920-களில் சாதாரண மாரிஸ் கார்களுக்கு அழகான பாடி கட்டி விற்கத் தொடங்கினார். 1929-இல் தொழிற்சாலை அபிங்டனுக்கு மாறியது. எம்ஜிபி வந்தது 1962-இல். 1980 அக்டோபரில் அந்தத் தொழிற்சாலை மூடப்படும் வரை 5 லட்சத்துக்கும் மேற்பட்ட வண்டிகள் வெளியே போயின. பெரும்பாலானவை அமெரிக்காவுக்கு.

இந்த எண்ணிக்கைதான் நமக்கு வரம். இத்தனை வண்டி ஓடியதால் உதிரிபாகத்துக்குப் பஞ்சமே இல்லை. கதவுக் கைப்பிடியின் ரப்பர் வாஷரிலிருந்து முழு பாடி வரை இன்றும் புதிதாகக் கிடைக்கிறது. பிரிட்டிஷ் மோட்டார் ஹெரிடேஜ் என்ற நிறுவனம் பழைய அச்சுகளைத் தேடிப்பிடித்து, 1988-இலிருந்து எம்ஜிபியின் முழு பாடியையே மறுபடி செய்து விற்கத் தொடங்கியது. முதன்முதலாக ஒரு பிரிட்டிஷ் ஸ்போர்ட்ஸ் கார் எடுக்கப் போகிறவருக்கு நான் கண்ணை மூடிக்கொண்டு எம்ஜிபியைச் சொல்வதற்கு இதுதான் காரணம்.

சரி, கதவுக்கு வருவோம்.

(காட்சி: மேசையில் மூடியில்லாத ஒரு செருப்புப் பெட்டி.)

எம்ஜிபிக்கு முன்னால் வந்த எம்ஜிஏ-வில் கீழே தனியாக ஒரு சேஸ், அதாவது இரும்புச் சட்டம் உண்டு. பாடி அதன் மேல் உட்காரும். எம்ஜிபியில் அந்தத் தனி சேஸ் கிடையாது, பாடியேதான் சேஸ். இப்போது இந்தச் செருப்புப் பெட்டியைப் பாருங்கள். மூடி போட்டு இரண்டு கையாலும் முறுக்கினால் விறைப்பாக நிற்கிறது. மூடியை எடுத்துவிட்டு முறுக்கினால் துவண்டு போகிறது. ரோட்ஸ்டர் என்பது மூடியில்லாத பெட்டி. முன்னால் எஞ்சினின் கனம், பின்னால் ஆக்சிலின் கனம், நடுவில் இரண்டு பெரிய கதவு ஓட்டைகள். இந்த முன்பாதியையும் பின்பாதியையும் பிரியாமல் பிடித்துக்கொண்டிருப்பவை நடுவில் ஓடும் கியர்பாக்ஸ் சுரங்கமும், கதவுக்குக் கீழே இரு பக்கமும் ஓடும் சில்லும்தான்.

சில் என்றதும் வெளியே தெரிகிற அந்த ஒரு தகட்டைத்தான் எல்லோரும் நினைக்கிறார்கள். உண்மையில் அது நான்கு தகடுகள் சேர்ந்த நீளப் பெட்டி. வெளியே தெரிவது வெளிச்சில். உள்ளே தரைத்தகட்டோடு ஒட்டியிருப்பது உட்சில். இரண்டுக்கும் நடுவில் செங்குத்தாக ஒரு தடுப்புத் தகடு. அடியில் கோட்டை மதில் போல ஏறி இறங்கும் வடிவில் ஒரு தகடு. அந்த வடிவத்தால் அதற்குக் காசில் என்றே பெயர் வைத்திருக்கிறார்கள். வெளிச்சில் கதவோடு முடிந்துவிடாது. முன்னே மட்கார்டுக்கு உள்ளேயும் பின்னே பின்மட்கார்டுக்கு உள்ளேயும் மறைந்து ஓடும். துரு ஆரம்பிப்பது அந்த மறைந்த முனைகளில்.

எப்படி? முன்சக்கரம் வாரி அடிக்கிற சேறு உள்ளே போகாமலிருக்க, சக்கரத்துக்குப் பின்னால் ஒரு தடுப்பும் அதன் ஓரத்தில் ஒரு ரப்பரும் இருக்கின்றன. ரப்பர் காய்ந்து சுருங்கியதும் சேறு உள்ளே புகுந்து சில்லின் முன்முனையில் உட்கார்ந்துவிடும். இங்கே பிரிட்டனில் குளிர்காலத்தில் சாலையில் உப்புத் தூவுவார்கள். அந்த உப்பும் சேறும் ஈரமும் கோடையில்கூடக் காயாது. நான் மட்கார்டைக் கழற்றியபோது அங்கே செடி நடும் அளவுக்குக் கருப்பு மண் இருந்தது. ஸ்குரூடிரைவரால் தொட்டேன். பிஸ்கட்டில் இறங்குகிற மாதிரி உள்ளே போய்விட்டது.

அப்புறம் இன்னொன்றும் தெரிந்தது. எனக்கு முன்னால் யாரோ, அழுகிய சில்லை வெட்டி எடுக்காமல் அதன் மேலேயே புதுத் தகடு ஒன்றைப் போர்த்தி, ஓரத்தில் பட்டி பூசி, பெயிண்ட் அடித்திருந்தார்கள். வெளியே கண்ணாடி மாதிரி, உள்ளே வெறும் தூள். எனக்கு அன்றைக்கு வந்த கோபம் பணத்துக்காக மட்டும் இல்லை. அந்த வண்டியில் யாரோ குழந்தையை உட்கார வைத்து ஓட்டியிருப்பார்கள்.

ஆகவே வாங்கும் முன் மூன்று வேலை செய்யுங்கள். ஒரு காந்தத்தை மெல்லிய துணியில் சுற்றிச் சில் முழுக்க ஓட்டுங்கள். பட்டி இருக்கும் இடத்தில் பிடிக்காது. கதவு மூடிய நிலையில் சுற்றியுள்ள இடைவெளியைப் பாருங்கள். மேலே குறுகிக் கீழே அகன்றிருந்தால் வண்டி நடுவில் தொய்ந்திருக்கிறது. கடைசியாக, விற்பவரின் அனுமதியோடு சில்லின் நடுவிலுள்ள ஜாக்கி இடத்தில் தூக்கி, கதவைத் திறந்து மூடுங்கள். இடித்தால் பெயிண்டைப் பார்த்து மயங்க வேண்டாம். விலையைக் குறையுங்கள், அல்லது கிளம்பி வாருங்கள்.

(காட்சி: கதவு ஓட்டையில் குறுக்கே வெல்டு செய்த இரும்புக் குழாய்கள்.)

இனி வேலை. வெட்டுவதற்கு முன் பெட்ரோல் டேங்கை இறக்கி வெளியே வையுங்கள். பேட்டரிகளைக் கழற்றுங்கள். இந்த வருட மாடலில் சீட்டுக்குப் பின்னால் 6 வோல்ட் பேட்டரி இரண்டு, தொடராக இணைத்திருக்கும். தீயணைப்பான் கைக்கெட்டும் தூரத்தில் இருக்கட்டும். ஜாக்கியை நம்பி அடியில் படுக்கவே கூடாது, ஸ்டாண்டு வேண்டும். பழைய பிரேக் லைனிங்கில் ஆஸ்பெஸ்டாஸ் இருக்கலாம், அந்தத் தூசியைக் காற்றடித்து ஊதாதீர்கள்.

வண்டியை நான்கு பக்கமும் சமமாகத் தாங்கி, படத்தில் தெரிகிற மாதிரி கதவு ஓட்டையில் முன்தூணுக்கும் பின்தூணுக்கும் குறுக்கே குழாய் வெல்டு செய்த பிறகுதான் கிரைண்டரைத் தொட வேண்டும். ஒரு நேரத்தில் ஒரு பக்கம் மட்டும். இரண்டு பக்கமும் சேர்த்து வெட்டினால் வண்டி வாழைப்பழம் போல வளைந்துவிடும், அதை மறுபடி நேராக்குவது பெரும்பாடு.

உள்ளிருந்து வெளியே என்பதுதான் வரிசை. உட்சில், காசில், நடுத்தகடு, கடைசியில் வெளிச்சில். தொழிற்சாலையில் ஸ்பாட் வெல்டு போட்ட இடங்களில் நாம் பிளக் வெல்டு போடுகிறோம். மேல் தகட்டில் 6 மில்லிமீட்டர் துளை போட்டு, கீழ்த் தகட்டோடு இறுகக் கிளாம்ப் செய்து, மிக் வெல்டரால் அந்தத் துளையை நிரப்புவது. ஓரிடத்தில் தொடர்ந்து வெல்டு போட்டால் சூட்டில் தகடு நெளியும். இங்கே ஒன்று, ஒரு முழம் தள்ளி ஒன்று, கை வைத்துப் பார்த்துச் சூடு ஆறியதும் நடுவில் ஒன்று.

நான் செய்த தப்பைச் சொல்கிறேன், நீங்கள் செய்யாதீர்கள். முதல் பக்கத்தில் கதவை மட்டும் மாட்டிப் பார்த்து, இடைவெளி சரி என்று வெளிச்சில்லை முழுதாக வெல்டு செய்துவிட்டேன். மூன்று ஞாயிற்றுக்கிழமை வேலை. பிறகு முன்மட்கார்டைக் கொண்டுவந்து வைத்தால், அதன் அடிமுனை சில்லோடு 8 மில்லிமீட்டர் ஒத்துப்போகவில்லை. ஒவ்வொரு பிளக்கையும் துளைத்து எடுத்தேன். இரண்டாவது முறை கதவு, மட்கார்டு, கதவுப் பூட்டு எல்லாவற்றையும் மாட்டினேன். சில்லைத் திருகாணியால் மட்டும் பிடித்து வைத்தேன். ஒரு வாரம் கதவைத் திறந்து திறந்து மூடினேன். சுற்றிலும் 4 மில்லிமீட்டர் ஒரே சீராக வந்த பிறகுதான் வெல்டரை இயக்கினேன்.

வெல்டு முடிந்ததும் சில்லின் உள்ளே மெழுகு பாய்ச்ச வேண்டும். நீண்ட குழாயை விட்டு, அடியிலிருக்கும் வடிகால் துளையில் மெழுகு சொட்டும் வரை அடியுங்கள். சொட்டியதும் அந்தத் துளையை அடைத்துவிடாமல் திறந்து விடுங்கள், தண்ணீர் போக அதுதான் வழி.

இனி மற்றவை வேகமாக. ஸ்பேனர்: இந்த வண்டி அங்குல அளவில் கட்டியது. அரை அங்குலத் தலையில் 13 மில்லிமீட்டர் ஸ்பேனர் நுழையும், அழுத்தினால் முனையை மழுக்கிவிடும். அங்குல செட் ஒன்று வாங்கிக்கொள்ளுங்கள். எஞ்சின் 1798 சிசி, பி-சீரிஸ், வலுவான இரும்புக் கட்டை. ஈயம் கலந்த பெட்ரோல் காலத்தில் செய்தது, அந்த ஈயம்தான் வால்வு சீட்டுகளைத் தேயாமல் காத்தது என்பதால், சிலிண்டர் ஹெட்டைக் கழற்றும்போது எக்ஸாஸ்ட் வால்வு சீட்டுகளைக் கடினப்படுத்தியதாக மாற்றிவிடுவது நல்லது. 2021 செப்டம்பரிலிருந்து இங்கே சாதாரண பெட்ரோலில் 10 சதவீதம் வரை எத்தனால். அது பழைய ரப்பர் ஹோஸ்களை அரிக்கும். ஹோஸ்களை மாற்றுங்கள், முடிந்தால் 5 சதவீதப் பெட்ரோலையே ஊற்றுங்கள்.

வயரிங்கைப் பார்த்துப் பயப்பட வேண்டாம். நிறம்தான் இலக்கணம். பிரவுன் என்றால் எப்போதும் மின்சாரம், வெள்ளை என்றால் சாவி திருப்பியதும், பச்சை என்றால் சாவிக்குப் பின் பியூஸ் வழியாக, கருப்பு என்றால் எர்த். விளக்கு மங்கினாலும் ஹார்ன் முனகினாலும் நான் முதலில் கருப்பு வயர் பாடியைத் தொடும் இடத்தைத்தான் சுரண்டுவேன். பெரும்பாலும் அங்கேயே வேலை முடிந்துவிடும்.

(காட்சி: இரண்டு எஸ்யூ கார்புரேட்டர்கள், மிக அருகில்.)

கார்புரேட்டர் மட்டும் கொஞ்சம் நின்று பார்க்க வேண்டிய பொருள். இந்த வகையின் பெயர் எஸ்யூ. இந்த மணி போன்ற உறைக்குள் ஒரு பிஸ்டன். எஞ்சின் காற்றை இழுக்க இழுக்க அது மேலே எழும். அதன் அடியில் தொங்கும் கூம்பு ஊசியும் கூடவே எழும். ஊசி எழுந்தால் பெட்ரோல் வரும் வழி அகலும். அவ்வளவுதான். காற்றுக்கு எவ்வளவு வேண்டுமோ அவ்வளவு பெட்ரோலை அதுவே அளந்து கொடுக்கிறது. விரலால் பிஸ்டனைத் தூக்கி விடுங்கள். 'டிங்' என்று சுத்தமாக விழுந்தால் நலம். தயங்கி விழுந்தால் ஊசி உரசுகிறது. இரண்டும் சமமாக இழுக்கின்றனவா என்று பார்க்கக் கருவி தேவையில்லை. ஒரு ரப்பர் குழாயின் ஒரு முனையைக் காதிலும் மறுமுனையைக் கார்புரேட்டர் வாயிலும் வையுங்கள். 'ஸ்ஸ்ஸ்' என்ற சத்தம் இரண்டிலும் ஒரே சுருதியில் வரும் வரை திருகைத் திருப்புங்கள்.

இந்த நாட்டில் 40 வயது தாண்டிய வண்டிக்குச் சாலை வரி இல்லை. பெரிய மாற்றம் செய்யாமலிருந்தால் வருடாந்திரப் பரிசோதனையும் கட்டாயமில்லை. நான் என் வண்டியைப் பரிசோதனைக்குக் கொண்டுபோகத்தான் போகிறேன். நானே வெல்டு செய்த வண்டியை இன்னொருவர் சுத்தியலால் தட்டிப் பார்க்க வேண்டும்.

நான்கு குளிர்காலம் ஆயிற்று. போன வாரம் எஞ்சினும் கியர்பாக்ஸும் உள்ளே இறங்கின. முழுக் கனமும் பாடியில் ஏறிவிட்டது. முதல் நாள் வைத்த அதே இடத்தில் ஜாக்கி வைத்தேன். முன்சக்கரமும் பின்சக்கரமும் தரையை விட்டு எழும் வரை தூக்கினேன்.

(காட்சி: கதவு திறக்கிறது. நான்கு பக்கமும் ஒரே அகலத்தில் இருட்டுக் கோடு. ஒரு விரல் கதவைத் தள்ளுகிறது. 'டக்'.)