மணிக்கூண்டை எங்கிருந்து பார்ப்பது? நாலு முகமும் ஏன் நாலு நேரம் காட்டுகிறது?

சரி, அடுத்த கேள்வி கொருக்குப்பேட்டையிலிருந்து வந்திருக்கிறது. ஒரு தங்கை எழுதியிருக்கிறார். "அண்ணா, ஊர் ஊராக மணிக்கூண்டு அழகு, நின்று பாருங்கள் என்று போன வீடியோவில் சொன்னீர்கள். நான் தினமும் பஸ்ஸில் மின்ட் மணிக்கூண்டைத் தாண்டித்தான் வேலைக்குப் போகிறேன். எனக்கு அது ஒரு சிமெண்ட் தூணாகத்தான் தெரிகிறது. அதில் என்ன பார்க்கணும்? அப்புறம், சில மணிக்கூண்டில் ஒரு பக்கம் பத்து மணி, இன்னொரு பக்கம் மூன்று மணி காட்டுகிறதே. உள்ளே இருப்பது ஒரே கடிகாரம்தானே?"

நல்ல கேள்வி. இரண்டையும் சேர்த்தே பேசலாம்.

முதலில் பஸ்ஸிலிருந்து பார்ப்பதை விடுங்கள். வள்ளலார் நகர் பஸ் ஸ்டாண்டுப் பக்கம் பஸ் திரும்பும்போது ஜன்னலில் உங்களுக்குக் கிடைப்பது மணிக்கூண்டின் இடுப்பும், அதில் ஒட்டிய போஸ்டரும்தான். கோயில் கோபுரத்தை அடிவாரத்தில் நின்று அண்ணாந்து பார்த்தால் கழுத்துதான் வலிக்கும், இதுவும் அப்படித்தான். ஒரு ஞாயிற்றுக்கிழமை காலையில் கடைகள் திறப்பதற்கு முன்னால் சௌகார்பேட்டையிலிருந்து தங்கசாலைத் தெரு வழியாக வடக்கே நடந்து வாருங்கள். மின்ட் சந்திப்பு நெருங்க நெருங்க மணிக்கூண்டின் மேலே இருக்கும் அந்த வட்டம் உங்களைப் பார்த்து நிற்கும். எண் ஒன்றும் தெரியாத தூரத்திலேயே மணி என்ன என்று சொல்லிவிடுவீர்கள். ஏனென்றால் யாரும் எண்ணைப் படிப்பதில்லை, இரண்டு முள்ளும் நிற்கிற கோணத்தைத்தான் படிக்கிறோம். அதனால்தான் மணி முள்ளைக் குட்டையாக, அகலமாக, நிமிட முள்ளை நீளமாக, ஒல்லியாகச் செய்வார்கள். இரண்டும் ஒரே மாதிரி இருந்தால் அரை கிலோமீட்டர் தள்ளி வருகிறவனுக்கு ஐந்தே முக்காலும் ஒன்பதரையும் குழம்பிவிடும்.

என் கணக்கில் மணிக்கூண்டின் அழகே அதுதான். அது தூரத்தில் நடந்து வருகிறவனுக்காகக் கட்டிய கட்டடம். கையில் வாட்ச் இல்லாதவனுக்கு நகரம் இலவசமாகக் கொடுத்த நேரம். இன்றைக்கு நமக்கு அது புரியாது, பாக்கெட்டில் போன் இருக்கிறது. எச்எம்டி வாட்ச் தயாரிப்பே 1961-இல்தான் தொடங்கியது. அதற்கு முன்னால் கைக்கடிகாரம் என்றால் வெளிநாட்டுச் சரக்கு, ஒரு கூலிக்காரருக்கு அது எட்டாத விலை. வட சென்னை முழுக்க முழுக்க நேரத்துக்கு வேலைக்குப் போகிற ஊர். துறைமுகம், ரயில்வே பட்டறை, அச்சகம், அன்றைக்குப் புளியந்தோப்புப் பக்கம் பின்னி மில். பின்னியின் பக்கிங்ஹாம் மில் தொடங்கியது 1876-இல், கர்நாடிக் மில் 1881-இல். காதுக்கு ஆலைச் சங்கு, கண்ணுக்கு மணிக்கூண்டு. மின்ட்டில் ஒன்று, புளியந்தோப்பில் ஒன்று என்று வேலை செய்கிறவர்கள் இருக்கிற பக்கம் மணிக்கூண்டு நிற்பது தற்செயல் என்று எனக்குத் தோன்றவில்லை.

மின்ட் மணிக்கூண்டில் சிற்பம், வளைவு, பூவேலை என்று தேடாதீர்கள். அது ஆர்ட் டெகோ பாணி. நேர்கோடுகள், தட்டையான முகங்கள், மேலே போகப் போக அடுக்கு குறைந்துகொண்டே போகும். உங்களுக்குச் சிமெண்ட் தூணாகத் தெரிந்ததில் தப்பே இல்லை. அந்தப் பாணி சிமெண்ட்டை மறைக்காத பாணி. அலங்காரம்தான் வேண்டும் என்றால் சென்ட்ரல் பக்கம் வாருங்கள்.

அங்கே ஒரு விருந்தே இருக்கிறது. பூந்தமல்லி நெடுஞ்சாலையில் ரிப்பன் கட்டடத்துக்கும் சென்ட்ரலுக்கும் நடுவில் நின்றால் ஒரு பக்கம் வெள்ளைக் கோபுரம், இன்னொரு பக்கம் சிவப்புக் கோபுரம். இரண்டிலும் கடிகாரம். ரிப்பன் கட்டடம் 1913-இல் திறந்தது. கோபுரம் சுமார் 43 மீட்டர். கடிகாரத்தை ஓக்ஸ் கம்பெனி பொருத்தியது. கால் மணிக்கு ஒரு தரம் மணி இசைக்கிற வெஸ்ட்மின்ஸ்டர் வகை அது. அந்த வகையில் ஒரு சூட்சுமம் உண்டு. கால் மணிக்கு நாலு ஓசை, அரை மணிக்கு எட்டு, முக்கால் மணிக்குப் பன்னிரண்டு, முழு மணிக்குப் பதினாறு ஓசை முடிந்து அப்புறம்தான் மணி அடிக்கும். அதாவது முகத்தைப் பார்க்காமலே, பாட்டு எவ்வளவு நீளம் என்பதை வைத்து நேரம் சொல்லிவிடலாம். கண் தெரியாதவருக்கும் நேரம் உண்டு.

ஒரு சின்ன விஷயம், பலருக்குத் தெரியாது. 1905 வரை நம் ரயில்கள் ஓடியது மெட்ராஸ் டைம் என்ற நேரத்தில். 1792-இல் நுங்கம்பாக்கத்தில் அமைத்த வானாய்வுக் கூடத்தின் நேரம் அது. இன்றைய இந்திய நேரத்தைவிடச் சுமார் ஒன்பது நிமிடம் பின்னால். நம்மூர் ரயில் நேரத்துக்குத்தான் நாட்டின் பெரும்பாலான ரயில்வே கடிகாரங்கள் நடந்தன. 1906 ஜனவரி 1-இல் இந்திய நேரம் வந்தது. ரிப்பன் கடிகாரம் அதற்குப் பிறகு பிறந்ததால் மெட்ராஸ் டைம் பார்த்ததே இல்லை. ஆனால் சூரியன் இன்னும் பழைய கணக்கில்தான் போகிறது. வருஷ சராசரியாகப் பார்த்தால் சென்னையில் உச்சி வெயில் வருவது பன்னிரண்டு ஒன்பதுக்குத்தான்.

(ஐகோர்ட் கோபுரத்தை யாரோ கமெண்டில் மணிக்கூண்டு என்று எழுதியிருந்தார்கள். அது கலங்கரை விளக்கம். 1894-இல் ஏற்றி 1977 வரை எரிந்தது.)

இப்போது உங்கள் இரண்டாவது கேள்வி. ஆமாம், பழைய காலத்து மணிக்கூண்டில் இயந்திரம் ஒன்றே ஒன்றுதான். கம்பியில் ஒரு கனமான எடை தொங்கும். அது மெல்ல மெல்லக் கீழே இறங்கும்போது பல்சக்கரம் சுற்றும். ஊசல் அதை ஆட்டத்துக்கு ஒரு பல் என்று விட்டுவிட்டுப் பிடிக்கும். எடை அடியைத் தொடுவதற்குள் ஆள் மேலே ஏறிச் சாவி கொடுத்து அதைத் திரும்பத் தூக்க வேண்டும். நாகர்கோவில் மணிமேடை 1893-இலிருந்து நிற்கிறது, அதுவும் சங்கிலியில் எடை இறங்கி ஓடுகிற வகையாகத்தான் அமைத்தது.

அந்த ஒரே இயந்திரத்திலிருந்து நாலு பக்கமும் நாலு தண்டு போகும். ஒவ்வொரு முகத்துக்குப் பின்னாலும் சில சின்னச் சக்கரங்கள், நிமிட முள் பன்னிரண்டு சுற்று சுற்றினால் மணி முள் ஒரு சுற்று என்று பிரித்துக் கொடுக்கும். முள்ளை உற்றுப் பார்த்தால் நடுப்புள்ளிக்கு அந்தப்பக்கமும் ஒரு குட்டை வால் நீட்டிக்கொண்டிருக்கும். பெரிய முள்ளாயிற்றே, மேலே ஏறும்போது எடை இழுக்காமல் இருக்க அந்த வால் சமன் செய்யும். இந்த முள்ளைத் தண்டோடு பிடித்திருக்கும் இடம்தான் பலவீனம். கடல் காற்றில் உப்பு, துரு, மேலே உட்கார்ந்து போகிற புறா, புயல் காற்று, ஏதோ ஒன்றில் ஒரு பக்கத்துப் பிடி தளர்ந்தால் அந்த முகம் மட்டும் தனி நேரம் காட்டும்.

ஆனால் இன்றைக்கு நீங்கள் பத்து மணியும் மூன்று மணியும் பார்ப்பதற்குப் பெரும்பாலும் வேறு காரணம். பழைய இயந்திரத்தை எடுத்துவிட்டு ஒவ்வொரு முகத்துக்கும் ஒரு மோட்டார் வைத்துவிடுகிறார்கள். சாவி கொடுக்க ஆள் வேண்டாம் அல்லவா? நாலையும் ஒரு தலைமைக் கடிகாரத்தோடு இணைத்தால் பிரச்சினை இல்லை. இணைக்காமல் விட்டால் ஒன்று பழுதாகி நிற்கும், இன்னொன்று கரண்ட் போய் வந்தபின் விட்ட இடத்திலிருந்து ஓடும். நாலு முகத்துக்கும் நாலு நேரம். பழைய முறையில் நின்றால் பெரும்பாலும் நாலும் சேர்ந்தே நிற்கும்.

பழைய ஊசல் கடிகாரம் மட்டும் துல்லியமா என்றால், அதற்கும் வெயில் ஆகாது. இரும்பு ஊசல் சூட்டில் நீளும், நீண்டால் மெதுவாக ஆடும். பத்து டிகிரி கூடினால் நாளுக்குச் சுமார் ஐந்து விநாடி பின்தங்கும். மார்கழியில் சரியாக ஓடியது கத்திரியில் பிந்தும். லண்டன் பிக் பென்னில் ஊசலின் மேல் ஒரு பழைய பென்னிக் காசு வைத்தால் நாளுக்கு 0.4 விநாடி வேகம் கூடும் என்று கணக்கு வைத்துச் சரி செய்கிறார்கள். கடிகாரத்தைக் காசு வைத்துத் திருத்துகிற இந்த ஒரு விஷயத்துக்காகவே எனக்கு இயந்திரக் கடிகாரம் பிடிக்கும். மோட்டார் வைத்ததில் எனக்குக் கோபமில்லை, ஓடாமல் நிற்பதற்கு அது மேல். வைத்துவிட்டு எட்டிப் பார்க்காமல் விடுவதுதான் எரிச்சல்.

அதனால் தங்கை, அந்த ஞாயிறு மின்ட்டை ஒரு சுற்று சுற்றி வாருங்கள். நாலு பக்கமும் நின்று என்ன நேரம் என்று பாருங்கள். முள்ளில் வால் இருக்கிறதா என்றும் பாருங்கள். நாலும் ஒரே நேரம் காட்டினால் கமெண்டில் எழுதுங்கள், காட்டாவிட்டால் மாநகராட்சிக்கு எழுதுங்கள்.

அடுத்த கேள்வி வியாசர்பாடியிலிருந்து.