வினிகர் அடித்தும் புளியாரை ஏன் திரும்ப வருகிறது?

கோத்தகிரிப் பக்கம் கேரட் போடுகிற ஒரு அக்கா கேட்டிருக்கிறார்கள்: "கடையில் வாங்கும் களைக்கொல்லியை விட்டுவிட்டு வினிகர், உப்பு, சோப்பு கலந்து அடிக்கிறேன். இயற்கையானது என்பதால் களைக்கு எதிர்ப்புச் சக்தி வராதுதானே? ஆனால் புளியாரை மட்டும் குறையவே மாட்டேன் என்கிறதே?"

அக்கா, முதலில் உப்பை நிறுத்திவிடுங்கள். இதை உங்களிடம் கெஞ்சியே கேட்கிறேன். உப்பு மட்காது. நம்முடையது சரிவு நிலம், ஒரு மழைக்கு அது கீழ்ப்பாத்திக்கு இறங்கும், அப்புறம் ஓடைக்கும் போகும்.

சரி, புளியாரை. இதோ, ஒன்றைக் கையால் இழுக்கிறேன். இலைக்காம்பு மட்டும் கையோடு வந்துவிட்டது. இப்போது அதே இடத்தைக் கொத்தால் மண்ணோடு பெயர்க்கிறேன். பாருங்கள், நடுவில் சின்ன வெங்காயம் மாதிரி ஒரு கிழங்கு, அதைச் சுற்றி மிளகு மிளகாகக் குட்டிக் கிழங்குகள். ஒவ்வொன்றும் ஒரு செடி. வினிகர் பட்ட இலையைக் கருக்கும், அவ்வளவுதான். இந்தக் கிழங்கு வரைக்கும் போகாது. அதனால் இதை எதிர்ப்புச் சக்தி என்று சொல்ல முடியாது. மருந்து படாமல் தப்பியிருக்கிறது. மண்ணுக்குள் தண்டு ஓடும் கிக்குயு புல்லும் இப்படித்தான் திரும்பத் தழைக்கிறது.

ஆனால் இயற்கையில் இருந்து வந்ததற்கு எதிர்ப்பே வராது என்று நம்பிவிடாதீர்கள். ஊட்டியில் சிவப்பாகப் பூக்கிற பாட்டில் பிரஷ் மரம் பார்த்திருப்பீர்கள். 1977-ல் கலிபோர்னியாவில் ஒரு விஞ்ஞானி, அந்த மரத்தடியில் களை அவ்வளவாக முளைக்காததைக் கவனித்தார். அதில் இருந்த லெப்டோஸ்பெர்மோன் என்ற பொருளை மாதிரியாக வைத்துத்தான் மெசோட்ரையோன் என்ற களைக்கொல்லியைச் செய்தார்கள். 2001-ல் மக்காச்சோளத்துக்கு விற்பனைக்கு வந்தது. 2009-ல் அமெரிக்காவில், நம் தண்டுக்கீரை இனத்துக் களை ஒன்று அதற்கும் சாகாமல் நின்றது.

களை மருந்துக்குப் பழகிவிட்டது என்பார்கள். அது அப்படி நடப்பதில்லை. லட்சக்கணக்கான செடியில் ஒன்றிரண்டு பிறவியிலேயே மாறுபட்டிருக்கும். அதே மருந்தை வருஷா வருஷம் அடித்தால் மற்றதெல்லாம் செத்து, அந்த ஒன்றிரண்டு மட்டும் விதை போடும். சில வருஷத்தில் வயல் முழுக்க அதன் பிள்ளைகள்தான்.

அதனால் ஒரே வழியை நம்பாதீர்கள். கேரட் விதைக்க மூன்று வாரம் முன்பே பாத்தியைத் தயார் செய்து, ஈரம் கொடுத்து, களையை முளைக்க விடுங்கள். முளைத்ததும் மேலாகச் சுரண்டுங்கள். ஆழமாகக் கொத்தினால் கீழே தூங்கும் விதை மேலே வந்துவிடும். அதன் பிறகு விதையுங்கள். வினிகரை வரப்பில், இளங்களைக்கு மட்டும் வைத்துக்கொள்ளலாம்.

புளியாரை உள்ள இடத்தை மட்டும் தனியாக, குட்டிக் கிழங்கு விடும் முன்பே, மண்ணோடு தோண்டி எடுங்கள். எடுத்ததை வரப்பில் வீசாதீர்கள், எருக்குழியிலும் போடாதீர்கள். ஒரு டிரம்மில் தண்ணீருக்குள் அழுத்தி வைத்து, முழுக்க அழுகிய பிறகு கொட்டுங்கள். அடுத்த பாத்திக்குப் போகும் முன் கொத்தில் ஒட்டிய மண்ணையும் தட்டிவிடுங்கள், அக்கா. குட்டிக் கிழங்கு அதில்தான் ஒட்டிக்கொண்டு போகிறது.