தோமோல் மீண்டும் கடலில் இறங்கிய கதை

நேயர்களுக்கு வணக்கம். கலிபோர்னியாவின் சாண்டா பார்பரா கரையில் காலங்காலமாக வாழ்ந்துவரும் சுமாஷ் மக்களைப் பற்றி, அதிலும் அவர்களுடைய 'தோமோல்' என்ற படகைப் பற்றிப் பேச வந்திருக்கிறேன்.

வடக்கிலிருந்து கடலில் மிதந்து வந்து ஒதுங்கும் ரெட்வுட் மரத் தடியைப் பிளந்து பலகையாக்குவார்கள். சுறாத்தோலால் தேய்த்து வழுவழுப்பாக்கி, விளிம்பில் துளையிட்டு, நார்க்கயிற்றால் பலகையோடு பலகையைக் கட்டுவார்கள். ஆணி கிடையாது. அந்தக் கரையில் நிலத்திலிருந்து தானாகவே கசியும் கீலை, அதாவது இயற்கைத் தாரை, பைன் மரப் பிசினோடு காய்ச்சி இடுக்குகளை அடைப்பார்கள். கார்பின்டீரியா கடற்கரைக்குப் போனால் அந்தக் கீல் கசிவதை இன்றும் பார்க்கலாம். இந்தப் படகில்தான் எதிரே இருக்கும் தீவுகளோடு கொடுக்கல் வாங்கல் நடந்தது.

1772 முதல் 1804 வரை ஸ்பானியர்கள் இவர்கள் மண்ணில் ஐந்து மிஷன்களை, அதாவது கிறித்தவ மதம் பரப்பும் குடியிருப்புகளை, எழுப்பினார்கள். நோயும் கட்டாய உழைப்பும் ஊர்களைக் காலிசெய்தன. 1824-இல் கிளர்ந்தெழுந்தும் பார்த்தார்கள். தோமோல் கடலைவிட்டே மறைந்தது.

ஆனால் செய்முறை ஒரு முதியவரின் நினைவில் இருந்தது. பெர்னாண்டோ லிப்ராடோ 1912-இல் தள்ளாத வயதில் ஒரு தோமோல் கட்டிக் காட்ட, ஹாரிங்டன் என்ற ஆய்வாளர் குறித்து வைத்தார். அந்தக் குறிப்புகளின் துணையோடு 1976-இல் 'ஹெலெக்' என்ற தோமோல் உருவானது. 1997-இல் 'எல்யெவுன்' என்ற இன்னொன்று வந்தது. 2001-இல் அதில் சுமாஷ் மக்களே துடுப்புப் போட்டு, தங்கள் முன்னோரின் லிமுவ் தீவுக்கு, அதாவது இன்றைய சாண்டா குரூஸ் தீவுக்குப் போய்ச் சேர்ந்தார்கள். நூறாண்டுக்கும் மேலாகத் தோமோலில் யாரும் கடக்காத வழி அது. என்னைக் கேட்டால், அரசு எந்தக் கையெழுத்தும் போடுவதற்கு முன்பே அவர்கள் கடலை மீட்ட நாள் அதுதான்.

கையெழுத்து 2024-இல் வந்தது. வடக்கு சுமாஷ் பழங்குடி மன்றம் 2015-இல் முன்வைத்த கோரிக்கை, 4,543 சதுர மைல் பரப்புள்ள சுமாஷ் பாரம்பரியக் கடல் சரணாலயமாக நிறைவேறியது. அங்கே புதிய எண்ணெய்த் திட்டங்களுக்குத் தடை உண்டு. இதற்காகவே பாடுபட்ட பிரெட் காலின்ஸ் 2021-இல் காலமாகிவிட்டார்; பணியை அவர் மகள் வயலட் சேஜ் வாக்கர் தொடர்ந்து நடத்தினார்.

நிர்வாகத்தில் பழங்குடிகளுக்கும் இடம் உண்டு என்கிறார்கள், ஆனால் கடைசி முடிவு கூட்டாட்சி அரசின் கையில்தான். கடலில் அமையவிருந்த காற்றாலைகளின் மின்கம்பிகளுக்கு வழிவிட வேண்டும் என்று, முதலில் கேட்ட பரப்பின் வடபகுதியைச் சரணாலய எல்லையிலிருந்து நீக்கிவிட்டார்கள். அவர்கள் புனிதமாகப் போற்றும் மோரோ பாறை அதனால் வெளியே நிற்கிறது. அதையும் உள்ளே சேர்க்க வேண்டும், சுமாஷ் மக்களுக்கு முடிவெடுக்கும் உரிமையும் வேண்டும். நன்றி, வணக்கம்.