மறுநாள் சொல்லவிருந்த உண்மை

(கடலூர் மஞ்சக்குப்பத்தில் நடந்த வாசகர் கூட்டமொன்றில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)

அவைத்தலைவர் அவர்களுக்கும், இந்த மாலையில் வந்து அமர்ந்திருக்கும் கடலூர்ப் பெருமக்களுக்கும் என் வணக்கம்.

2011 டிசம்பர் 30-ஆம் நாள் காலையில் தானே புயல் நம் கரையைக் கடந்தது. அதன்பின் மின்சாரமில்லாத இரவுகளில் மெழுகுவத்தியைச் சுற்றி உட்கார்ந்து பேய்க்கதை சொன்ன வீடுகள் இங்கே பல இருக்கும். இன்று நான் பேச எடுத்துக்கொண்ட நாவலும் அப்படிப்பட்ட இரவுகளில்தான் கருக்கொண்டது. 1815 ஏப்ரலில் இந்தோனேசியாவின் தம்போரா எரிமலை வெடித்துக் கக்கிய சாம்பலும் கந்தகப் புகையும் வானத்தில் பரவியதால், மறு ஆண்டு ஐரோப்பாவின் பல பகுதிகளுக்குக் கோடையே வரவில்லை. ஜெனீவா ஏரிக்கரையில் மழைக்கு ஒதுங்கி வீட்டுக்குள் அடைந்துகிடந்த நண்பர்கள், ஆளுக்கொரு பேய்க்கதை எழுதுவதென்று முடிவு செய்தார்கள். அவர்களுள் ஒருவர், பின்னாளில் மேரி ஷெல்லி என்று அறியப்பட்ட பதினெட்டு வயதுப் பெண். அவர் எழுதத் தொடங்கிய கதைதான் 1818 ஜனவரியில், ஆசிரியர் பெயர் இல்லாமல், ‘ஃபிராங்கன்ஸ்டைன்’ என்ற நாவலாக வெளிவந்தது.

அந்தப் பெயரைக் கேட்டதும் தையல் போட்ட முகமுடைய ஒரு பூதம் நம் கண்முன் வருகிறது. ஆனால் அது பூதத்தின் பெயரன்று, அதை உருவாக்கிய விக்டர் என்ற இளைஞனின் குடும்பப்பெயர். பூதத்துக்கு நாவல் முழுவதிலும் பெயரே கிடையாது. படைத்தவன் அதற்கு ஒரு பெயர் வைக்கவும் இல்லை.

ஜெனீவாவில் வளர்ந்த விக்டர், இங்கோல்ஸ்டாட் பல்கலைக்கழகத்தில் படிக்கப் போகிறான். அங்கே வீட்டின் உச்சியில், மற்ற அறைகளிலிருந்து ஒரு படிக்கட்டும் நடைவழியும் பிரித்துவைத்த ஒரு தனி அறையில், ஏறத்தாழ இரண்டு ஆண்டுகள் உழைக்கிறான். பிணவறையிலிருந்தும் கசாப்புக்கூடத்திலிருந்தும் உறுப்புகளைச் சேகரிக்கிறான். ஊரிலிருந்து வரும் கடிதங்களுக்குப் பதில் எழுதுவதில்லை. தன்மீது அன்பு வைத்திருந்த பேராசிரியரிடம்கூட ஒரு சொல் சொல்வதில்லை. நவம்பர் மாத இரவொன்றில் அந்த எட்டடி உருவம் கண் திறந்ததும், அறையை விட்டு ஓடிவிடுகிறான்.

கடவுளின் வேலையை மனிதன் செய்யத் துணிந்ததே அவன் குற்றம் என்று பலர் சொல்வார்கள். எனக்கு அதில் உடன்பாடில்லை. செய்ததை எவருக்கும் சொல்லாமல் மறைத்ததே குற்றம் என்பேன். அந்தக் காலத்து உண்மையான விஞ்ஞானத்தைப் பாருங்கள். இத்தாலியில் கால்வானி, செத்த தவளையின் கால் துடிப்பதைக் கண்டு, உயிரின் உடம்புக்குள்ளேயே மின்சாரம் இருக்கிறது என்று 1791-இல் எழுதி வெளியிட்டார். வோல்டா அதை ஏற்கவில்லை. உடம்பைத் தொடும் இருவேறு உலோகங்களில்தான் காரணம் இருக்கிறது என்று வாதிட்டார். அந்த வாதம் வளர்ந்து, 1800-இல் வோல்டாவின் மின்கலமாக முடிந்தது. கால்வானியின் சகோதரி மகன் அல்தீனி, 1803-இல் லண்டனில், தூக்கிலிடப்பட்ட ஒருவரின் உடலில் மின்சாரம் செலுத்திக் காட்டியதும் மருத்துவர்கள் பார்த்திருக்கத்தான். கால்வானி தம் தவளையை ஒரு மாடியறையில் பூட்டிவைத்திருந்தால், அவரை மறுக்க ஒரு வோல்டா வந்திருக்க மாட்டார்.

நம் சித்தர்களும் மறைத்தவர்கள்தாமே என்று கேட்கலாம். உண்மைதான், மருந்தையும் ரசவாதத்தையும் பரிபாஷை என்னும் மறைமொழியில் பொதிந்துவைத்தார்கள். ஆனாலும் அந்தப் பரிபாஷையை அவிழ்த்துச் சொல்ல ஒரு குருவும், கேட்டுக்கொள்ள ஒரு சீடனும் இருந்தார்கள். விக்டருக்கு இருபக்கமும் ஆளில்லை. ‘இது வேண்டாம், தம்பி’ என்று சொல்லக்கூடிய ஒருவரும் அந்தப் படிக்கட்டில் ஏறி வரவில்லை.

இந்த முதல் மறைப்பைக்கூட இளமையின் வெறி என்று மன்னித்துவிடலாம். என் மனத்தை அறுப்பது இரண்டாவது மறைப்பு. விக்டரின் சிறுவயதுத் தம்பி வில்லியம் கொல்லப்படுகிறான். பழி, அவன் வீட்டில் வளர்ந்த ஜஸ்டின் என்ற ஏழைப் பெண்மீது விழுகிறது. குழந்தையின் கழுத்திலிருந்த சிறிய படம் அவள் சட்டைப்பையில் கிடைக்கிறது. கொன்றது தான் படைத்த பூதம்தான் என்பது விக்டருக்குத் தெரியும். சொன்னால் தன்னைப் பைத்தியக்காரன் என்பார்கள் என்று எண்ணி, நீதிமன்றத்தில் வாய்மூடி உட்கார்ந்திருக்கிறான். ஜஸ்டின் தூக்கிலேறுகிறாள். முதலில் புகழுக்காகக் காத்த ரகசியத்தை இப்போது மானத்துக்காகக் காக்கிறான். ஆராய்ச்சி என்றோ முடிந்துவிட்டது. கதவு மட்டும் திறக்கவில்லை.

பிறகு அவனுக்கு எலிசபெத்தோடு மணம் நிச்சயமாகிறது. என்னிடம் பயங்கரமான ரகசியம் ஒன்று இருக்கிறது, திருமணத்துக்கு மறுநாள் உனக்குச் சொல்கிறேன் என்று அவளுக்குக் கடிதம் எழுதுகிறான். திருமண இரவன்றே அவள் கொல்லப்படுகிறாள். உண்மை ஒரே ஒரு நாள் பிந்திவிட்டது. இந்த இடத்தை எத்தனை முறை படித்தாலும், அந்தக் கடிதத்தில் இன்னும் நான்கு வரி எழுதியிருக்கக் கூடாதா என்று நான் தவித்துப்போகிறேன். முன்கூட்டியே அறிந்திருந்தால் அவள் தப்பியிருப்பாளோ மாட்டாளோ. தன் உயிரைப் பற்றித் தானே முடிவெடுக்கும் உரிமையாவது அவளுக்கு இருந்திருக்கும்.

உப்பனாற்றங்கரையில் வாழ்பவர்களுக்கு இதை நான் விளக்க வேண்டியதில்லை. ரசாயன ஆலைகளின் மதிலுக்கு அந்தப்பக்கம் என்ன காய்ச்சுகிறார்கள் என்பதைக் காற்றில் வரும் நெடியைக் கொண்டு ஊகிக்கிற வாழ்க்கை அவர்களுடையது. அந்த நெடியை நாள்வாரியாகக் குறித்துவைத்து, வாளியில் காற்றைப் பிடித்துச் சோதனைக்கு அனுப்பியவர்கள் இந்த மாவட்டத்தின் கிராமத்து மக்கள். எலிசபெத்துக்குக் கிடைக்காத மறுநாளை அவர்கள் தாங்களே கேட்டு வாங்க முயன்றார்கள் என்றுதான் நான் நினைக்கிறேன்.

நாவலின் இறுதிக்கு வருகிறேன். பூதத்தைத் துரத்திக்கொண்டு வடதுருவப் பனிக்கடல் வரை போன விக்டரை, வால்டன் என்பவனின் கப்பல் காப்பாற்றுகிறது. வால்டனும் புகழ் தேடிப் புறப்பட்டவன்தான். விக்டரின் இன்னோர் உரு என்றே சொல்லலாம். கப்பலைப் பனி சூழ்ந்தபோது, வழி திறந்தால் தெற்கே திரும்புவதாக வாக்குக் கொடுங்கள் என்று மாலுமிகள் அவனுடைய அறைக்கே வந்து கேட்கிறார்கள். படுத்த படுக்கையாகக் கிடக்கும் விக்டர் எழுந்து, பின்வாங்குவது இழிவு என்று அவர்களிடம் ஆவேசமாகப் பேசுகிறான். அத்தனை சாவுக்குப் பிறகும் அவன் பேச்சு அப்படித்தான் இருக்கிறது. வால்டன் அந்தப் பேச்சில் உருகுகிறான், தன் கனவை எண்ணிக் கண்ணீர் விடுகிறான். ஆனாலும் மாலுமிகள் சொன்னதைக் கேட்டுக் கப்பலைத் திருப்புகிறான்.