ஜூலையில் ஆளில்லாத அலுவலகம்: சுவீடனில் ஒரு கோடை

வானொலி நேயர்கள் அனைவருக்கும் வணக்கம்.

சுவீடனில் வேலை கிடைத்துப் புறப்படுகிறவர்கள் பெரும்பாலும் குளிரைப் பற்றித்தான் விசாரிக்கிறார்கள். எத்தனை கம்பளிச் சட்டைகள் வேண்டும், எந்தக் காலணி பனியில் வழுக்காது என்றெல்லாம் கேட்கிறார்களே தவிர, கோடையைப் பற்றிக் கேட்பவர் அரிது. ஸ்டாக்ஹோமுக்கு மேற்கே, ரயிலில் ஏறக்குறைய ஒரு மணி நேரத் தொலைவில், மேலாரன் ஏரிக்கரையில் இருக்கும் வெஸ்தெரோஸ் நகரில் ஒரு மே மாதத்தில் வேலைக்குச் சேர்ந்தவன் என்ற முறையில் நான் சொல்லக்கூடியது இதுதான்: அந்த நாட்டுக் குளிரைச் சமாளிக்கத் தேவையான பொருள்கள் கடையில் கிடைக்கும், கோடையைப் புரிந்துகொள்ளவோ விடுப்புச் சட்டத்தையும் உடன் வேலை செய்பவர்களின் நாட்காட்டியையும் படித்தாக வேண்டும்.

வெஸ்தெரோஸ் மின்பொறியியல் தொழிற்சாலைகளால் பெயர் பெற்ற ஊர். இந்தியாவிலிருந்து போன பொறியாளர்களுக்கு அங்கே பஞ்சமில்லை. ஊர்க்காரர்களோ தொழிற்சாலைகளைவிடத் தங்கள் ஊர் ஊறுகாய் வெள்ளரிக்காயைப் பற்றிப் பேசும்போதுதான் அதிகம் உற்சாகம் கொள்கிறார்கள். ஊருக்கு வெள்ளரி நகரம் என்றே ஒரு பட்டப்பெயர் உண்டு.

மே மாதக் கடைசியிலேயே வெளிச்சம் மனிதரைக் குழப்பத் தொடங்கிவிடும். ஜூன் மாதத்தில் காலை நான்கு மணிக்கு முன்பே விடிந்துவிடுகிறது. சூரியன் மறைய இரவு பத்து மணிக்கு மேல் ஆகிறது. மறைந்த பிறகும் முழு இருட்டு வருவதில்லை. வடக்கே கிருனா போன்ற ஊர்களில் மே இறுதியிலிருந்து ஜூலை நடுப்பகுதி வரை சூரியன் மறைவதே இல்லை. ஆண்டு முழுவதும் ஆறு மணியை ஒட்டி விடிந்து, ஆறு மணியை ஒட்டி இருட்டும் ஊரில் வளர்ந்த உடம்பு, இரவு ஒன்பது மணி வெயிலில் பசியையும் தூக்கத்தையும் மறந்துவிடுகிறது. வெளிச்சத்தை முற்றிலும் மறைக்கும் தடித்த திரைச்சீலைகளை வாங்கி மாட்டிய பிறகுதான் நான் ஒழுங்காகத் தூங்கினேன். வீடுகள் குளிருக்காகவே கட்டப்பட்டவை என்பதால் வெப்பத்தை உள்ளேயே பிடித்து வைத்துக்கொள்ளும். குளிர்சாதனமும் பெரும்பாலான வீடுகளில் கிடையாது. வெளியே 28 பாகை காட்டும் நாளில் அந்த வீட்டுக்குள் இருப்பது நம் ஊர் ஏப்ரலை அனுபவித்தவருக்கும் சிரமம்தான்.

வேலையில் சேர்ந்த முதல் வாரங்கள் பதிவு வேலைகளிலேயே கழிகின்றன. வரித்துறை வழங்கும் தனிநபர் எண் வரும் வரை, வங்கிக் கணக்கிலிருந்து கைப்பேசி இணைப்பு வரை எதுவும் எளிதில் நகராது. அலுவலகத்தில் தலைமை அதிகாரியையும் பெயர் சொல்லியே அழைக்க வேண்டும். பெயருக்குப் பின்னால் ஒரு சார் ஒட்டிக்கொள்ளாமல் பேசப் பழகுவதற்கு எனக்குச் சில காலம் பிடித்தது. முற்பகலிலும் பிற்பகலிலும் ஃபிகா எனப்படும் காப்பி இடைவேளை உண்டு. அந்த நேரத்தில் மேசையை விட்டு எழாமல் வேலை செய்பவரை உழைப்பாளி என்று யாரும் நினைப்பதில்லை. கூடிப் பேச விருப்பமில்லாதவர் என்றுதான் நினைத்துக்கொள்கிறார்கள்.

அந்தக் காப்பி மேசையில்தான், சேர்ந்த சில நாட்களிலேயே, கோடை விடுப்பு எப்போது என்ற கேள்வி வந்தது. சேர்ந்தவுடன் விடுப்பா என்று நாம் கூச்சப்படுகிறோம். அவர்களுக்கோ அது கூச்சப்பட வேண்டிய விஷயமே அல்ல. சுவீடனின் விடுப்புச் சட்டப்படி ஊழியருக்கு ஆண்டுக்கு 25 வேலை நாட்கள் விடுப்பு உண்டு. அதில் நான்கு வாரங்களை ஜூன் முதல் ஆகஸ்ட் வரையிலான காலத்தில் தொடர்ச்சியாக எடுக்கும் உரிமையையும் அதே சட்டம் தருகிறது. விடுப்பில் இருக்கும் நாளுக்கு வழக்கமான சம்பளத்தோடு சிறிது கூடுதல் தொகையும் சேர்கிறது. விடுப்பின் நடுவே நோய்வாய்ப்பட்டால், அந்த நாட்களை விடுப்புக் கணக்கில் சேர்க்க வேண்டாம் என்று கேட்கவும் வழியுண்டு.

புதிதாகச் சேர்பவருக்கு மட்டும் இதில் ஒரு நுணுக்கம் இருக்கிறது. விடுப்பு எடுக்கும் உரிமை வேறு, விடுப்புக்கான சம்பளம் வேறு. சட்டத்தின் பொது விதிப்படி, ஓர் ஆண்டின் ஏப்ரல் முதல் அடுத்த ஆண்டின் மார்ச் வரை உழைத்துச் சேர்த்த விடுப்புச் சம்பளத்தை அதற்கடுத்த ஆண்டில்தான் அனுபவிக்க முடியும். ஆகவே மே மாதத்தில் சேர்ந்தவர் அந்தக் கோடையில் வீட்டில் இருக்கலாம், ஆனால் சம்பளமில்லாமல். இதைச் சரிக்கட்டப் பல நிறுவனங்கள் சம்பளத்துடன் கூடிய விடுப்பை முன்கூட்டியே கொடுக்கின்றன. அது ஒரு கடன். ஐந்து ஆண்டுகளுக்குள் நாமாக வேலையை விட்டால் கடைசிச் சம்பளத்தில் பிடித்துக்கொள்ளலாம், அதன் பிறகு கடன் தானாகவே தள்ளுபடியாகும். வேலை ஒப்பந்தத்தில் கையெழுத்திடும் முன் இதை ஒரு முறை கேட்டுவிடுவது நல்லது. தகுதிகாண் காலம் அதிகபட்சம் ஆறு மாதம் என்பதையும் இதோடு சேர்த்துக் கணக்கிட வேண்டும்: மே மாதத்தில் சேர்ந்தவரின் ஆறு மாதங்களில் ஒரு மாதமாவது, அவருடைய வேலையைப் பார்த்து மதிப்பிட அலுவலகத்தில் ஒருவரும் இருக்கமாட்டார்கள்.

இந்த உரிமை வானத்திலிருந்து விழுந்ததன்று. 1938ஆம் ஆண்டுச் சட்டம் இரண்டு வாரச் சம்பள விடுப்பைத் தந்தது. 1951இல் அது மூன்று வாரமாகவும், 1963இல் நான்காகவும், 1978இல் ஐந்தாகவும் வளர்ந்தது. குறுகிய வெயில் காலத்தைப் பணக்காரர்களின் சொத்தாக விட்டுவிடாமல் தொழிலாளிக்கும் பங்கிட்டுத் தர ஏறக்குறைய நாற்பது ஆண்டுகள் ஆகியிருக்கின்றன. சுவீடன் மக்கள் வெயிலைக் கொண்டாடும் விதத்தை வெறும் பருவநிலை சார்ந்த ஆசை என்று விளக்குவதை என்னால் ஏற்க முடிவதில்லை. அதற்குள் தொழிற்சங்கமும் நாடாளுமன்றமும் இருக்கின்றன.

ஜூன் 6 தேசிய நாள். 2005 முதல் அது பொது விடுமுறை. அடுத்தடுத்த நாட்களில் பள்ளிகள் மூடப்படும். மேல்நிலைக் கல்வியை முடித்த இளைஞர்கள் வெள்ளைத் தொப்பி அணிந்து, இலைகளால் அலங்கரித்த லாரிகளில் ஏறி, காது கிழியும் பாட்டோடு நகரைச் சுற்றுவார்கள். அமைதியான மக்கள் என்று நாம் எண்ணியிருந்த பிம்பத்தை அந்த லாரிகள் கலைத்துவிடும். அந்த ஆரவாரம் அடங்கும் முன்பே மிட்சோமர் வந்துவிடுகிறது.

கோடை நடுநாள் விழாவான மிட்சோமர் முன்பு யோவான் ஸ்நானகரின் திருநாளான ஜூன் 24ஐ ஒட்டி, எந்தக் கிழமையானாலும் அந்தத் தேதியிலேயே வந்தது. 1953 முதல் அதை வார இறுதியோடு இணைத்துவிட்டார்கள்: ஜூன் 19க்கும் 25க்கும் இடையில் வரும் வெள்ளிக்கிழமை விழாவுக்கு முந்தைய நாள், மறுநாள் சனிக்கிழமை விழா நாள். இதில் விந்தை என்னவென்றால், சட்டப்படி பொது விடுமுறை சனிக்கிழமைதான். எல்லோரும் கொண்டாடுவதோ வெள்ளிக்கிழமையை. தொழிற்சங்கங்களும் முதலாளிகளும் செய்துகொள்ளும் கூட்டு ஒப்பந்தங்களும் வழக்கமும் சேர்ந்து அந்த வெள்ளியையும் விடுமுறையாக்கிவிட்டன. வியாழக்கிழமை மதியத்திலிருந்தே நெடுஞ்சாலைகள் நிரம்பிவிடும். பொங்கலுக்குச் சென்னை காலியாவதைப் பார்த்தவர்களுக்கு ஸ்டாக்ஹோம் காலியாவதைத் தனியாக விளக்க வேண்டியதில்லை. வியாழனன்று மதுக்கடைகளிலும் வரிசை நீளும். சுவீடனில் செறிவு மிகுந்த மதுவைச் சில்லறையாக விற்பது பெரும்பாலும் சிஸ்டம்போலாகெட் என்னும் அரசு நிறுவனமே, அதன் கடைகள் விழா வெள்ளியன்று திறப்பதில்லை.

எங்கள் நகரில் விழாவைக் காண எளிய இடம் வால்பி திறந்தவெளி அருங்காட்சியகம். பழைய மரவீடுகளுக்கு நடுவே உள்ள புல்வெளியில், பிர்ச் இலைகளாலும் காட்டுப்பூக்களாலும் சுற்றப்பட்ட உயரமான கம்பம் நிறுத்தப்படும். அதன் குறுக்குக் கட்டையின் இரு முனைகளிலும் பூவளையங்கள் தொங்கும். டாலார்னா மாகாணத்தில், சில்யான் ஏரிக்கரை லெக்சாண்டில், கம்பத்தைத் தூக்கி நிறுத்துவதே ஒரு பெரிய நிகழ்ச்சி, ஆயிரக்கணக்கானோர் கூடுகிறார்கள். கம்பம் நின்றதும் வட்டமாகக் கைகோத்து ஆட்டம் தொடங்கும். தவளையைப் போலக் குந்திக் குதிக்கும் ஓர் ஆட்டம் உண்டு. முந்தின நாள் வரை கூட்டத்தில் எண்களை வைத்துக் கறாராக வாதம் செய்த துறைத் தலைவர், தலையில் பூவளையத்தோடு தவளையாகக் குதிப்பதைப் பார்த்த பிறகு அவரைப் பெயர் சொல்லி அழைப்பதில் எனக்குத் தயக்கம் இருந்ததில்லை.

உணவு மேசையில் மாற்றம் அதிகம் இராது. காடியும் சர்க்கரையும் சேர்த்து ஊறவைத்த ஹெர்ரிங் மீன், சோயிக்கீரை அல்லது சதகுப்பை எனப்படும் டில் இலை போட்டு வேகவைத்த புது உருளைக்கிழங்கு, புளித்த பாலேடு, பொடியாக நறுக்கிய வெங்காயத்தாள், கடைசியில் ஸ்ட்ராபெரி. மீனில் இனிப்பை நம் நாக்கு எளிதில் மன்னிப்பதில்லை. ஆனால் அந்தக் கிழங்கைப் பற்றிக் குறை சொல்ல முடியாது. தோல் சுரண்டினாலே உரியும் இளங்கிழங்குக்கு வெண்ணெயும் உப்பும் போதும். உள்ளூர் ஸ்ட்ராபெரி இறக்குமதிப் பழத்தைவிட விலை கூடுதல், இருந்தும் அன்று வேறு பழத்தை மேசையில் வைக்க யாரும் துணிவதில்லை. மழை பெய்தால் விழாவைத் தள்ளிப்போடுவதும் இல்லை. மிட்சோமர் என்றால் மழை என்று அவர்களே கேலி செய்துகொண்டு, மழைச்சட்டையோடு ஆடுகிறார்கள். இரவில் மணமாகாதவர்கள் ஏழு வகைப் பூக்களைப் பேசாமல் பறித்துத் தலையணையின் கீழ் வைத்தால், வருங்காலத் துணை கனவில் வரும் என்பது பழைய நம்பிக்கை. மதுவும் ஏரியும் அருகருகே இருக்கும் இரவு அது என்பதால், நீரில் மூழ்கும் விபத்துகளைப் பற்றிய எச்சரிக்கைகளும் ஆண்டுதோறும் வருகின்றன.

மிட்சோமர் முடிந்த பிறகு அலுவலகம் மெல்ல மெல்லக் காலியாகி, ஜூலையில் விளக்குகள்கூடத் தாமாகவே அணைந்துவிடும். அசைவு இருந்தால்தான் எரியும் விளக்குகள் அவை. மின்னஞ்சல் அனுப்பினால் ஆகஸ்டில் பார்க்கிறேன் என்ற தானியங்கிப் பதில் உடனே வரும், அதில் மன்னிப்புக் கேட்கும் தொனி இராது. ஆனால் நாடு முழுவதும் ஓய்வெடுப்பதாக நினைப்பது சரியல்ல. முதியோர் இல்லங்களையும் மருத்துவமனைகளையும் அந்த வாரங்களில் கோடைகாலத் தற்காலிக ஊழியர்கள் தாங்குகிறார்கள், அவர்களில் மாணவர்களும் புதிதாகக் குடியேறியவர்களும் நிறையப் பேர். வடக்குக் காடுகளில் விற்பனைக்கான பெர்ரி பறிக்கத் தாய்லாந்திலிருந்து ஆட்கள் வந்து உழைத்திருக்கிறார்கள். விடுப்பில் போகும் செவிலியர்களுக்குப் பதில் ஆள் போதாமல் இருப்பது ஒவ்வொரு கோடையும் செய்தியாகிறது. நான்கு வாரம் என்ற உரிமை எல்லோருக்கும் ஒரே அளவு எளிதாகக் கிடைப்பதில்லை என்பதையும் சொல்லத்தான் வேண்டும்.

விடுப்பில் எங்கே போவது என்று புதியவர் கவலைப்பட வேண்டியதில்லை. பலருக்குச் சொந்தமாகவோ உறவினர் வழியாகவோ ஒரு கோடை வீடு இருக்கும். ஃபாலுன் செம்புச் சுரங்கத்தின் கழிவு மண்ணிலிருந்து தயாரான சிவப்புச் சாயம் பூசிய சிறு மரவீடு. சுரங்கம் 1992இல் மூடப்பட்டும் சாயம் நிற்கவில்லை. வீடு இல்லாதவருக்கும் காடு உண்டு. பிறர் நிலத்திலும் நடக்கலாம், ஓரிரவு கூடாரம் போடலாம், பெர்ரியும் காளானும் பறிக்கலாம் என்ற பொது உரிமை பழைய வழக்கமாக இருந்து, 1994 முதல் அரசமைப்பிலும் இடம்பெற்றிருக்கிறது. குடியிருப்பு வீட்டை ஒட்டி நெருங்கக் கூடாது, பயிரை மிதிக்கக் கூடாது, குப்பை போடக் கூடாது. மேலாரன் கரையில் உண்ணிகள் அதிகம்; அவை பரப்பும் மூளை அழற்சிக்குத் தடுப்பூசி இருக்கிறது, அதைக் கோடை வரும் முன்பே தொடங்கிவிட வேண்டும்.

வானொலிக்கும் அந்தக் கோடையில் பங்கு உண்டு. 1959 முதல் சுவீடன் பொது வானொலியில் சோமர் என்ற நிகழ்ச்சி நடந்து வருகிறது. மிட்சோமரையொட்டித் தொடங்கி ஆகஸ்ட் வரை, நாளுக்கு ஒரு விருந்தினர் தம் வாழ்க்கையைத் தாமே தேர்ந்த இசையோடு பேசுகிறார். யார் பேசப்போகிறார்கள் என்ற அறிவிப்பே நாளிதழ்களில் செய்தியாகிறது. மொழி பயில்கிறவர்களுக்கு அதைவிட நல்ல பாடம் எனக்குத் தெரியவில்லை; பேசுபவர் அவசரப்படுவதில்லை, கேட்பவருக்கும் போக வேண்டிய கூட்டம் எதுவும் இல்லை.

ஆகஸ்ட் நடுவில் பள்ளிகள் திறக்கின்றன. காகிதத் தொப்பி அணிந்து, இறாலைப் போன்ற நன்னீர்க் கிரேஃபிஷ் சாப்பிடும் விருந்துகள் நடக்கின்றன. அலுவலகத்தில் காப்பி மேசை மீண்டும் நிறைகிறது. வெயில் படிந்த முகங்களோடு வந்தவர்கள் ஒருவரை ஒருவர் விடுப்பு எப்படி இருந்தது என்று கேட்கிறார்கள். ஆளில்லாத ஜூலையில் நான் எத்தனை வேலைகளை முடித்து வைத்தேன் என்று பெருமையாகச் சொன்னபோது, என் மேலாளர் பாராட்டவில்லை. அடுத்த கோடைக்கான நான்கு வாரங்களை இப்போதே நாட்காட்டியில் குறித்துவிடும்படி சொல்லிவிட்டு, காப்பியை ஊற்றிக்கொள்ளப் போனார்.

நன்றி, வணக்கம்.